ஊதா முத்திரை

டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைச் சீட்டைத் தமயந்தி நீட்டியதும், மருந்துக்கடை சர்புதீன் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவர் கடையின் ஊதா முத்திரை, நேற்றைய தேதியோடு இருந்தது. முத்திரை விழுந்த சீட்டுக்கு மறுபடி மருந்து கிடையாது.

"நேத்து மத்தியானமே பத்து மாத்திரை வாங்கிட்டுப் போனீங்களே, மேடம்."

நேற்று மத்தியானம் அவள் வீட்டில்தான் இருந்தாள். பழைய அட்டையில் மிச்சமிருந்த ஒரே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அதைச் சொன்னாள். அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துதான். முதல் எழுத்தின் வாலை நீளமாக இழுத்து வளைக்கும் அதே பழக்கம்.

"செருப்புகூட இல்லாம வந்தீங்க. கால் சுடலையான்னு கேட்டேன், பதிலே சொல்லலை."

காலையிலிருந்து உள்ளங்கால் எரிந்துகொண்டிருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தனியாவா வந்தேன்?"

"தோள்ல கைக்குழந்தை அழுதுட்டே இருந்துச்சே. அதான் சீக்கிரமா கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்குப் போயாவது தூங்குச்சா?"

தமயந்திக்குக் குழந்தை கிடையாது. அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. காலையில் பின்னறைக்கு அவள் போகவும் இல்லை.

திரும்பி வந்து, சாவியைப் போடாமல் கதவில் காதை வைத்தாள். அழுகைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் முதலில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில், அந்தப் பத்து மாத்திரை நினைவுக்கு வர, கேட்டுவிட வேண்டுமே என்று நின்றுகொண்டிருந்தாள்.