அரை டம்ளர்

"தப்பா நினைச்சுக்கப்படாது மாமா. உங்க மாப்பிள்ளை தினம் பீர் வாங்கிண்டு வரார்."

பம்பாய் மாட்டுங்காவில் பஜனை முடிந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பஞ்சாபகேசனுக்குக் கால் அப்படியே நின்றது.

"கிட்டுவா? இருக்காது."

"நானே பார்த்தேன். ஸ்டேஷன் பக்கத்துல பார்சிக்காரன் கடை. பேப்பர்ல சுத்தி, ஆபீஸ் பைக்குள்ளே வெச்சுண்டு வரார்."

சொன்னவர் வெங்கடேஸ்வரன். கிட்டு குடியிருந்த கட்டிடத்தில் கீழ்த் தளத்துக்காரர். அவருடைய தம்பிக்குத்தான் பஞ்சாபகேசனின் இரண்டாவது பெண் ஷ்யாமளாவைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"குடிக்கிற மனுஷா இருக்கிற குடும்பத்துல பொண்ணு எடுக்க எங்கம்மா சம்மதிக்க மாட்டா. ஆனா மாப்பிள்ளைங்கறவன் வேற வீட்டுப் பிள்ளைதானே? கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடாம, கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டேள்னா போறும். உங்க வீட்டு ரத்தம் சுத்தமா இருந்தா சரி. எதுக்கும் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

பஞ்சாபகேசன் பாலக்காட்டில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த பெண் அம்மிணிக்கு டைபாய்டு என்று தந்தி வந்ததும் பம்பாய்க்கு ஓடி வந்தவர். ஜுரம் இறங்கிவிட்டது. ஆனால் ஒரு வாய் கஞ்சி உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். இந்த ஒரு வாரமாகத்தான் கொஞ்சம் தெளிவு. பஜனையில் தாம் வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

பெண்டாட்டி பிழைப்பாளா என்று கிடக்கும்போது ஒருவனுக்குக் குடிக்கத் தோன்றுமா?

மறுநாள் பஜனையில் மங்களம் பாடுமுன்பே எழுந்து வந்துவிட்டார்.

கதவு ஒருக்களித்திருந்தது. சமையலறை மேடையில் கறுப்பு பாட்டில். கிட்டுவின் கையில் டம்ளர். வீடெல்லாம் புளித்த வாசனை.

"மாப்பிள்ளே."

கிட்டு திரும்பினான். மறைக்க முயலவில்லை.

"ஒருத்தர் சொன்னப்போ நான் நம்பலை. உங்களுக்குத்தானா இது?"

ஒரு கணம் தயங்கிவிட்டு, "ஆமாம், எனக்குத்தான்" என்றான் கிட்டு.

"அம்மிணி, துணிமணியை எடுத்து வை. நாளைக்கு வண்டியிலே நாம கிளம்பறோம்."

உள் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மிணி வந்தாள். கணவன் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அப்பாவின் எதிரிலேயே, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடிப்பது போலக் குடித்து முடித்தாள்.

"அவருக்கு இல்லேப்பா. எனக்கு."

பஞ்சாபகேசன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கிட்டுதான் பேசினான். "டாக்டர் சொன்னது. அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லைன்னார். பார்லியிலேர்ந்து வர்றதுதானாம்."

"பார்லிக் கஞ்சி குடுத்தா ஆகாதோ?"

"அதையும் கேட்டேன். பால்ல இருக்கற சத்துகூட இதுல இல்லை, ஆனா பாலும் கஞ்சியும் வயத்துல தங்கினாத்தானேன்னார். இதோட கசப்பு பசியைக் கிளப்புமாம். சாப்பாட்டுக்கு முன்னாடி அரை டம்ளர். அதுக்கு மேலே இவளே ஆசைப்பட்டுக் கேட்டாலும் அன்னிக்கே நிறுத்திடணும்னு கண்டிஷன்."

"மீதி?"

கிட்டு பாட்டிலைக் கவிழ்த்தான். நுரை பொங்கிச் சாக்கடையில் ஓடியது.

"நேத்து ரசம் சாதத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா," என்றான். சொல்லும்போது அவன் முகம் மலர்ந்தது.



"கீழ்வீட்டுலே பார்த்துட்டா. குடிக்கற மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்குக் கூப்பிடப்படாதுங்கறா. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் பஞ்சாபகேசன்.

"நான் குடிக்கறேன்னே சொல்லிடுங்கோ. ஆம்பளை குடிச்சா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவா. இவ குடிச்சான்னு தெரிஞ்சா, மருந்துன்னா யார் நம்பப் போறா? ஆயுசுக்கும் இவளை ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டா. ஷ்யாமளா கல்யாணத்துக்கு நான் வரலைன்னா என்ன? அவ நன்னா இருந்தா சரி."

பஞ்சாபகேசன் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மிணி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவளுக்கு மலம் எடுத்தது, வாந்தி துடைத்தது, தலையைச் சிக்கெடுத்து வாரிவிட்டது எல்லாம் இந்தக் கைகள்தான். இவனைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒரு கல்யாணம்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது, மாடிப்படி அருகே வெங்கடேஸ்வரன் காத்திருந்தார்.

"விசாரிச்சேளா மாமா?"

"விசாரிச்சேன். மாப்பிள்ளை தொடறதில்லை."

"நான் என் கண்ணால பார்த்தேனே. பின்னே அந்த பாட்டில்?"

அம்மிணியின் பெயர் வெங்கடேஸ்வரனின் உதட்டுக்கு வந்துவிடுமுன் பஞ்சாபகேசன் சொன்னார்:

"அது எனக்காக்கும். ரொம்ப நாள் பழக்கம், விட முடியலை. சொன்னா கேவலம்னுதான் பாவம், அந்தப் பிள்ளையை வாங்கிண்டு வரச் சொன்னேன்."