புண் ஏன் ஆறவில்லை?

“சொன்ன பேச்சைக் கேக்கலைன்னா தொடைத்தோலை எடுத்துத்தான் ஒட்டணும். அப்புறம் வலிக்குதுன்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க!”

வண்டியை நிறுத்திவிட்டு வந்தவளுக்கு, கட்டுப் போடும் அறையின் வாசலிலேயே நர்ஸின் குரல் காதில் விழுந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா, நல்ல கையால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏன் சிஸ்டர், பேஷண்ட்டை இப்படித்தான் மிரட்டுவீங்களா?”

“நீங்க யாரு?”

“இவரோட பொண்ணு.”

“பொண்ணு இருக்கா? இத்தனை நாளா தனியாத்தானே வந்துட்டிருந்தார்!”

“எனக்கு யுனிவர்சிட்டி இருக்கு. அதுக்காக எங்கப்பாவுக்குக் கேக்க நாதியில்லைன்னு நெனச்சுக்காதீங்க.”

“விடும்மா,” என்றார் அப்பா. “தப்பு என் பேர்லதான்.”

“நீங்க சும்மா இருங்கப்பா. உங்க பேர்ல என்ன தப்பு? நீங்க வாயில்லாப் பூச்சி. அதான் ஆளாளுக்கு ஏறி மிதிக்கறாங்க.”

அப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது, பழுக்கக் காய்ந்த விளிம்பு முழங்கைக்குக் கீழே அப்படியே பதிந்துவிட்டது. வாரக்கணக்காகியும் புண் மூடுகிற வழியைக் காணோம். இன்றைக்கும் மூடாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் என்றால் இன்னும் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாதோ! அதுவரை அடுப்படியைக் காலியாக வைத்திருக்க முதலாளி தயாராக இல்லை.

“முதல்ல பருத்தித் துணிதானே வச்சுக் கட்டினீங்க? அதை ஏன் மாத்தினீங்க?”

“அது காஞ்சு புண்ணோட ஒட்டிக்குதும்மா. எடுக்கறப்ப சதையையும் சேர்த்து உரிச்சுடுது. அதான் இது. அடியில கடல்பாசி நார்ல செஞ்ச பட்டை, மேல செயற்கை நுரைப்பஞ்சு.”

“அதானே பார்த்தேன்! ரப்பரை வச்சு அடைச்சா புண்ணுக்கு எப்படிக் காத்து வரும்?”

“காத்து வாங்க அது என்ன கடற்கரைக்கா வந்திருக்கு? புண்ணுக்கு ஈரம்தாம்மா வேணும். அந்தப் பட்டை கசியற நீரைக் குடிச்சுக் கூழாட்டம் ஆகும். அதுக்கடியிலதான் புதுத்தோல் வளரும்.”

“நல்லாக் கேளும்மா!” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். காலில் கட்டோடு காத்திருந்த லாரி டிரைவர். “நாலு சொட்டு தேனைத் தடவினா தானா ஆறப்போவுது. அதை விட்டுட்டு ரப்பராம், நுரையாம்!”

“தேன்ல ஊறின துணியும் இங்க இருக்கு, டிரைவர் சார். அது மருந்துக்குன்னே சுத்தம் பண்ணின தேன். நீங்க கடைப்பாகை ஊத்தினா எறும்புதான் வரும். பேசாம உக்காருங்க.”

“அவரை ஏன் அடக்கறீங்க?” என்றாள் அவள். “நீங்க சொல்ற புதுத்தோல் வளர்ந்துதா, இல்லையா?”

“வளரலை.”

“ஏன்? ஒண்ணு உங்க சரக்கு மட்டம். இல்லைன்னா உங்க கை மட்டம்.”

“வக்கீலுக்குப் படிக்கிறீங்களோ?”

“பொருளாதாரம்.”

“அப்ப இது பிறவியிலேயே வந்ததா?”

லாரி டிரைவர் சிரித்தார். அப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சிரிங்கப்பா, நல்லாச் சிரிங்க. நான் நேரா மேலிடத்துக்குத்தான் போறேன். வெறும் வாய்ப்பேச்சு இல்லை சிஸ்டர், ஆதாரம் இருக்கு.”

போனை எடுத்து நர்ஸின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“நீங்க கட்டினது சனிக்கிழமை. இது ஞாயிறு. ஓரத்துல இளஞ்சிவப்பாத் தோல் வருது, தெரியுதா? இது திங்கள். அந்தத் தோலைக் காணோம். இது செவ்வாய். திரும்ப ரத்தம். இது நேத்து. இன்னும் மோசம். இப்ப என்ன சொல்றீங்க?”

நர்ஸ் போனை வாங்கி முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். அதுவரை இருந்த குரல் இறங்கிவிட்டது.

“கட்டு மேல இருக்கறப்ப உள்ள இருக்கற புண்ணு எப்படிம்மா போட்டோவுல விழுந்துது?”

“பிரிச்சுத்தான் எடுத்தேன். கொஞ்ச நேரம் காத்தாட விட்டுட்டுத் திரும்ப அதே மாதிரி டேப் போட்டு ஒட்டிடுவேன். நீங்க பார்க்கற லட்சணத்துக்கு, வீட்டுல ஒருத்தராவது கவனிக்க வேண்டாமா?”

லாரி டிரைவர் தன் கால் கட்டின் ஓரத்தில் நோண்டிக்கொண்டிருந்த விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

“நான் பிரிக்கற வரைக்கும் அதை யாரும் தொடவே கூடாதும்மா,” என்றார் நர்ஸ். “பிரிக்கப் பிரிக்க, வளர்ந்த தோலும் கூடவே வந்துடும். இதைத்தான் உங்கப்பாகிட்ட வாரா வாரம் தலைபாடா அடிச்சுக்கறேன். அவரும் வாரா வாரம், ‘அரிப்பு தாங்கலை சிஸ்டர், நான்தான் பிரிச்சுட்டேன்’னு திட்டு வாங்கிட்டுப் போறார்.”

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திரையில் இன்னும் அந்தப் புண்தான் இருந்தது.

“அப்பா... உரிக்கறப்ப வலிக்கலையா?”

“வலிக்காம?”

“அப்புறம் ஏம்ப்பா வேணாம்னு சொல்லலை?”

அப்பா நர்ஸைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“சொல்லத்தான் நெனப்பேன். ஆனா, அன்னன்னிக்கு யுனிவர்சிட்டியில யார்கூட சண்டை போட்டேன்னு, கட்டைப் பிரிக்க உட்கார்றப்ப மட்டும்தானேம்மா என்கிட்ட சொல்றே.”