நீள மீசை

“ஆண் எது, பொண்ணு எதுன்னு எனக்கு ஒரு தடவை காட்டுங்க தம்பி.”

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில், அங்கே ஆராய்ச்சியாளராக இருந்து, எல்லோரும் ‘குளவி சார்’ என்று கூப்பிட்டவரின் மனைவி, கணவருடைய நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சாரின் பொருள்களை எடுத்துப்போகத்தான் வந்தார். வெள்ளைக் கோட்டு, டீ கப், செருப்பு எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயாகிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

உதவியாளர் மேசைமேல் இருந்த வெள்ளை மூடி பாட்டிலை ஓரமாகத் தள்ளினார். சாருடனேயே இருந்து தலை நரைத்தவர் அவர்.

“இப்ப எதுக்கு அக்கா அதெல்லாம்?”

“அவர் உயிரைக் கொண்டுபோனது எதுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். காட்டுங்க.”

வேறு வழியில்லை. இழுப்பறையைத் திறந்து, ஊசியில் குத்தி வைத்த இரண்டு குளவிகளை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார்.

“ரெண்டும் ஒரே இனம்தான் அக்கா. உடம்பெல்லாம் முடி, வயித்துல மஞ்சள் பட்டை. றெக்கை நுனியைப் பாருங்க. இஸ்திரி போடாத துணி மாதிரி பொடிப்பொடியா சுருக்கம் இருக்கா? அதுதான் இந்தக் குடும்பத்துக்கே அடையாளம்.”

“இருக்கு.”

“இந்தக் குண்டு, பொண்ணு. தலையில இருக்கற உணர்கொம்பு, அதைத்தான் நாங்க மீசைம்போம், இதுக்குக் குட்டையா சுருண்டிருக்கும். கொடுக்கு இதுக்கு மட்டும்தான். மண்ணைத் தோண்டிப் போய் வண்டுப் புழுவைக் கொட்டி, அசைய விடாமப் பண்ணி, அது மேலயே முட்டை வைக்கும். இந்த ஒல்லி, ஆண். நீள மீசை. பின்னாடி மூணு முள்ளு தெரியுதா? அதை வச்சுக் குத்தற மாதிரி நடிக்கும். விஷமெல்லாம் கிடையாது. சும்மா உதார்.”

“எங்க வீட்ல இருந்த மாதிரியே,” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்த உதாரை வைத்துத்தான் சார் பேர் வாங்கியிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் போதும், உயிருள்ள ஆண் குளவி ஒன்றை வெறுங்கையில் பிடித்துக் காட்டுவார். அது மூன்று முள்ளாலும் குத்தோ குத்தென்று குத்தும், பிள்ளைகள் அலறுவார்கள், சார் சிரிப்பார். ஒரே ஒரு கொட்டு விழுந்தாலும் உங்கள் உடம்பு தாங்காது, மூச்சு அடைத்துவிடும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். ஆணுக்குத்தான் கொடுக்கே இல்லையே என்பார் சார். போன மாதம் அவர் கையில் இருந்தது பெண். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

“இவ்வளவுதானா தம்பி? இதை நானே கண்டுபிடிச்சுடுவேனே. காலம் பூரா இதையே பார்த்தவருக்கு எப்படித் தப்பும்?”

“அவசரத்துல யாருக்கும்…”

“அவசரமும் இல்ல, ஒண்ணும் இல்ல.” கைப்பையைத் திறந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். “அன்னைக்குக் காலையில வீட்ல சண்டை. கண் டாக்டர்கிட்ட வாங்கன்னு எத்தனை தடவைதான் கெஞ்சறது? காதுலயே போட்டுக்கல. கோபத்துல இதை எடுத்து மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டேன். ஒரு நாள் கண்ணு தெரியாம திண்டாடுங்க, அப்பத்தான் புத்தி வரும்னு சொன்னேன். போடின்னு சொல்லிட்டு அவரும் கிளம்பிட்டாரு.”

உதவியாளர் லென்ஸுக்குக் கீழிருந்த குளவிகளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

“நான்தான் தம்பி அவரைக் கொன்னுட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா.”

“வேற எப்படிச் சொல்றது? கண்ணாடி மட்டும் போட்டுட்டா எறும்போட காலைக்கூட எண்ணிடுவேன்னு பீத்திப்பாரு. நீங்க கூடவே இருந்தவர், நீங்க சொன்னா நம்பறேன். இது அவர் மூக்குல இருந்திருந்தா அந்த மீசை தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த அம்மாள் இன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவார். அது உதவியாளருக்கு நன்றாகத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். வாயையும் திறந்தார்.

“தெரிஞ்சிருக்கும் அக்கா.”

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். எதிர்பார்த்த பதில்தான். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“கண்ணாடி இங்கயே இருக்கட்டும் தம்பி. வீட்ல வச்சுப் பார்க்க முடியல.”

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை உதவியாளர் நின்ற இடத்திலேயே நின்றார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கண்ணாடியை எடுத்து, இழுப்பறைக்குள் வெள்ளை மூடி பாட்டிலோடு சேர்த்து வைத்தார்.

கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு வருடமாகவே சாருக்குக் குளவி தெரியும், மீசை தெரியாது. வேலை போய்விடும் என்று வீட்டில்கூட அவர் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் தோட்டத்தில் மீசையைப் பார்த்து ஆண் குளவியாகப் பிடித்து, வெள்ளை மூடி பாட்டிலில் போட்டுக் கொடுத்தது உதவியாளர்தான். அன்றைக்குப் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, மீசையைப் பார்க்காமல் பிடித்துப் போட்டவரும் அவர்தான்.

“கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டீங்களே சார்,” என்று அவர் பாட்டிலை நீட்டியபோது சார் அதைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்: “நீ இருக்கும்போது எனக்குக் கண்ணாடி எதுக்குப்பா?”