எதிர்க்குரல்

"கூ" என்றாள்.

முன்னால் போனவன் திரும்பவில்லை.

இரு பக்கமும் சாம்பல் நிற மணல் மேடுகள். தங்கத்தை அரைத்து எடுத்தபின் கொட்டிய மணல். ஒரு புல்கூட முளைக்காத மணல். காற்று அதை அள்ளி வந்து கண்ணில் போட்டது. நாக்கில் துரு ருசித்தது. பள்ளங்களில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. அதில் பறவை எதுவும் இறங்கவில்லை.

காலையில், ஊர் எல்லையில், விறகு பொறுக்க வந்தவள் ஒருத்தி சொல்லித்தந்த கூ அது. சுரங்கம் நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. குழிகள் மட்டும் முட்செடிகளுக்கு அடியில் வாய் திறந்தே கிடக்கின்றன. அதனால் இங்கே நடப்பவர்கள் கூ கொடுத்துக்கொண்டே நடப்பார்கள். பதில் வராவிட்டால் நின்றுவிட வேண்டும்.

சொல்லிவிட்டு, விறகுக்காரி அதற்குள் வெகுதூரம் போயிருந்த அவனைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அவரு உன்கூட வந்தவரா, உன்ன உட்டுட்டு ஓடறவரா?"

"வீட்டுக்காரர்."

"அப்ப நல்லா சத்தமாவே கூவு."

இரண்டு நாள் நடை. முடிவில், சாலையோரம் கார் நிற்கிறது. அதில் ஏறும்போது, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று இருவரும் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் பேச்சு.

சேர்ந்திருக்கலாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

"கூ."

மணல்.

மதியம் குதிகால் கொப்புளம் உடைந்தது. கூரை போன இயந்திரக் கொட்டகை ஒன்றின் சுவர் நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். காற்று தொப்பியைப் பறித்தது. எதிரே இருந்த குழியின் விளிம்பில், ஒரு முள்ளில் மாட்டிவிட்டுப் போனது. எடுக்கத் தெம்பில்லை.

அப்போது அவன் திரும்பி வந்தான்.

தேடி வருகிறான்.

பிறகுதான், சாப்பாடு தன் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தான். மண்டியிட்டுக் குழிக்குள் குனிந்தான்.

"சாரு!"

சுவருக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. அவளுக்காகப் பயந்த குரல். அதைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இன்னும் ஒருமுறை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"சாரு!"

குழி அவன் குரலை அவனுக்கே திருப்பித் தந்தது.

செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியே பார்த்தபடி அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

அவன் எழுந்தான். நாலா பக்கமும் பார்த்தான். போனை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி சட்டைப்பைக்குள் போட்டான்.

அவள் போனில் சிக்னல் இருந்தது. அழைப்பு எதுவும் வரவில்லை.

கைத்தடியை நீட்டினான். தொப்பியை எடுக்கிறான் என்று நினைத்தாள்.

தடி தள்ள, தொப்பி குழிக்குள் போனது.

முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டான். ஊர்ப் பக்கம் போகவில்லை. கார் நிற்கும் பக்கம் நடந்தான். அந்த நடையில் அவசரம் இல்லை.

அவள் ஷூவை மாட்டினாள். லேஸை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள். பாதைக்கு வந்தாள்.

"கூ."

காலையிலிருந்து முதல்முறையாக அவன் நின்றான்.

திரும்பிப் பார்க்கத்தான் நேரம் பிடித்தது.