சேராத முடிவு

“படம் பூரா சிரிச்சேம்மா. ஆனா கடைசியில புருஷன் பொண்டாட்டியச் சேத்து வெச்சாத்தான் நான் வெளியிடுவேன்” என்றார் விநியோகஸ்தர் ராயப்பன்.

ஓசூரில் கம்பெனி வேலைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று வருடமாக எடுத்த படம். ஆளுக்கொரு ஷிப்டுக்கு ஓடியே ஒருவருக்கொருவர் அந்நியமாகிப்போகும் தம்பதியின் கதை. ஏற்கெனவே நாலு பேர் கைவிரித்துவிட்டார்கள். இவரும் விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆனாலும் இயக்குநர் மாதேஸ்வரி அசையவில்லை.

“அவங்க சேர மாட்டாங்க சார்.”

“ஒரே ஒரு சீன்தானம்மா?”

“அந்த ஒரு சீனால மொத்தப் படமும் பொய்யாப் போயிரும்.”

ராயப்பன் கதாநாயகன் ஆனந்தராஜ் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் எடுத்துச் சொல்லுப்பா.”

“அவ சொல்றதுதான் சரிங்க. சேத்து வெச்சா நான் நடிக்க மாட்டேன்.”

ராயப்பனுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. “பிடிவாதத்துல என்னா ஒத்துமை. பேசாம நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்.”

மாதேஸ்வரியும் ஆனந்தராஜும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பண்ணிப் பாத்துட்டோம் சார்” என்றாள் அவள், லேப்டாப்பை மூடியபடி. “போன மாசந்தான் கிருஷ்ணகிரி கோர்ட்டுல விவாகரத்து ஆச்சு. ஏழு வருசத்துல நாங்க சண்டை போடாம எடுத்த முடிவு இது ஒண்ணுதான். அத மாத்தச் சொல்லாதீங்க.”