பிலோமினாவின் பழகுநர் எந்திரம்

“பழகுநர் எந்திரத்தை வேலைக்கு வைக்கும் முதலாளிகள் கவனத்துக்கு: நீங்கள் செய்வதையெல்லாம் அது கற்றுக்கொள்ளும்.” இதைப் படித்த தூத்துக்குடி டீக்கடை பிலோமினா, அதன் முன்னால் யாரையும் திட்டாமல் பார்த்துக்கொண்டாள்.

அவள் காய்ச்சலில் படுத்த அன்று எந்திரமே கடையைக் கவனித்தது. ஊருக்கே தெரியாமல் அவள் மனதில் வைத்திருந்த கிரேன் ஓட்டுநர் ரொசாரியோ வந்ததும், அது இல்லாத தலைமுடியைக் காதோரம் ஒதுக்கியது. தனியாக எடுத்துவைத்திருந்த மொறுமொறு வடையை நீட்டியது. அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றது.

மறுநாள் ரொசாரியோ படிய வாரிய தலையோடு வந்தான்.

“மிஷினுக்கு என்னத்தையெல்லாம் சொல்லிக்குடுத்து வச்சிருக்கீய?”

பிலோமினாவின் கை காதோரம் போய்ப் பாதியில் நின்றது. எந்திரத்தின் கையும் நின்றது.

“பேசாம வடையத் தின்னுங்க.”

“தின்னுதேன். சாயங்காலம் கடைய அதுகிட்ட விட்டுட்டு பீச்சுக்கு வாறீயளா?”