ராகு காலரி

காலடியில் ஏதோ நெகிழ்ந்தது.

நடராஜன் பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். மூன்று நாள் மழையில் இறுகியிருந்த கயிறு, சனிக்கிழமை வெயிலில் காய்ந்து தளர்ந்திருந்தது. மூங்கில் தூணைவிட்டுக் குறுக்குக் கழி ஒரு விரற்கடை விலகி நின்றது.

ஃபுட்பால் மைதானத்து மூங்கில் காலரியில் முந்நூறு பேர். அடியில், டிக்கெட் இல்லாமல் கால்களுக்கு நடுவே ஆட்டம் பார்க்கிற இருபது பேர். அவர்களில் ஒருவன் ராகவேந்திரன், நடராஜனின் மனைவிக்குத் தம்பி. அங்கே போய் உட்காரச் சொன்னதே நடராஜன்தான்.

உடைகிறது என்று கத்தினால் முந்நூறு பேரும் ஒன்றாக எழுவார்கள். கோல் விழுந்தாலும் எழுவார்கள். பந்து அவர்கள் பேட்டையான பவானிபூர் ஆட்களின் வெறுங்காலில் இருந்தது. எதிரே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்து டீம். இன்னும் பத்து நிமிடம்.

நடராஜன் 1908இல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த கப்பல் கம்பெனி குமாஸ்தா. நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் பவானிபூர் அவரை ஜோசியர் என்று முடிவு செய்துவிட்டது. மறுத்து மறுத்து அலுத்திருந்தார்.

இன்று மறுக்கவில்லை.

"ராகு காலம்!" என்று பெங்காலியில் உரக்கச் சொன்னார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்காதீங்க, வாயைத் திறக்காதீங்க. மீறினா தோத்துடுவோம்."

"மத்ராஜி பாபு, உங்க ராகு ஃபுட்பால் வேற பார்ப்பானா?" என்றார், பக்கத்தில் இரண்டு பேர் இடத்தை நிறைத்திருந்த பூபதி பாபு. சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று வருடமாகத் தோற்கிற கூட்டம். சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. செய்தி வரிசை வரிசையாகப் பரவ, கூட்டம் அடங்கியது.

சனிக்கிழமை ராகு காலம் காலையிலேயே முடிந்துவிடும். அது தெரிந்த இன்னொருவன் கீழே இருந்தான். பொய் என்று புரிந்துகொண்டு அவன் ஓடிவிட வேண்டும்.

பட்டாளத்தின் வலையில் கோல் விழுந்தது.

முந்நூறு பேர் தொடையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சத்தமில்லாமல் அழுதார்கள். பட்டாளத்துக்காரர்கள் திரும்பிக் காலரியைப் பார்த்தார்கள். கீழே கழி முனகுவது நடராஜனுக்குக் கேட்டது.

ஆட்டம் முடிந்த விசில்.

அவர் முதலில் இறங்கினார். தரையில் நின்று, ஒவ்வொரு வரிசையாக இறங்கக் கைகாட்டினார். கேட்டைத் தாண்டியதும்தான் கூட்டம் வாயைத் திறந்தது. "ராகு காலரிக்கு ஜே!" என்று யாரோ கத்த, தெருவே திருப்பிக் கத்தியது. பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நடராஜன் அடியில் குனிந்து நுழைந்தார்.

விலகிய கழியைப் பார்த்து மற்றவர்கள் ஓடியிருந்தார்கள். ராகவேந்திரன் மட்டும் நின்றிருந்தான். குறுக்குக் கழி அவன் தோளில் இருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் ஏது ராகு காலம்னு அண்ணாந்து பார்த்தேன், அத்திம்பேர். கயிறு அவுந்திருந்தது. நீங்க மேலே இருக்கேளே, எப்படி விட்டுட்டுப் போறது?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் எறங்கியாச்சா?"

நடராஜன் ஆமென்று தலையாட்டினார். அவன் கையைப் பிடித்தார்.

தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. கூட்டம் குறையட்டும் என்று பூபதி பாபு உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

"மத்ராஜி பாபு, முடிஞ்சுதா ராகு காலம்?"

"முடிஞ்சுது" என்று நடராஜனின் வாய் சொல்லிவிட்டது.

அடக்கி வைத்திருந்த கோல் சந்தோஷத்துக்குப் பூபதி பாபு அப்போதுதான் எழுந்து குதித்தார்.